சாப்பிட்டாயா?

மதுரையைத் தூங்கா நகரம் என்று வெளியூர்க்காரர்கள் வியந்து பேசுவார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, மூன்று ஆண்டுகளாக இந்நகரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நான் கண்டது வேறு. எந்த நேரமும் இங்கே யாரோ ஒருவர் பசித்திருக்கிறார். அதனால்தான் இந்நகரம் தூங்குவதில்லை.

நாளங்காடியும் அல்லங்காடியும் இங்கு இருந்ததை மதுரைக்காஞ்சியில் படிக்கிறோம். இன்றும் நிலை அதுவே. விடியுமுன்பே மாட்டுத்தாவணியில் காய்கறி மூட்டை இறக்குகிறவர்களுக்கு இட்லி வெந்துவிடுகிறது. தெருமுனைகளில் பருத்திப்பால் அண்டா வந்து நிற்கிறது. பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் கூட்டிக் காய்ச்சுவது அது. மாட்டுக்கு வைப்பதை மனிதனுக்கும் மருந்தாக்கிக் கொண்ட ஊர் இது! சீன நகரங்களிலும் காலையில் தெருவோரக் கடையில் சூடான சோயாப் பாலைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. உழைப்பவனின் காலைப்பொழுது எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

நண்பர்களே! அந்தக் காலைப்பொழுதில் மாணவனுக்கு இடம் உண்டா?

முதலாண்டில் என் தாய் தூக்குவாளியில் கம்பங்கூழ் கரைத்துக் கொடுத்தனுப்புவார். அதை நான் யாருக்கும் காட்டியதில்லை. ஒருமுறை சாக்கடையில் கொட்டியும் இருக்கிறேன். அதே சித்திரை மாதத்தில், அதே கூழைத் தள்ளுவண்டியில் வைத்து, மோர்மிளகாயும் மாங்காய்க் கீற்றும் தொட்டுக்கொள்ளக் கொடுத்து விற்றார் ஒருவர். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதிகாரிகள் வரிசையில் நின்றார்கள். என் தாயின் கூழுக்கு நகரம் மதிப்புக் கொடுத்த பிறகுதான் எனக்கு மதிப்புத் தெரிந்தது. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

சென்ற ஆண்டு முதல் மணி வகுப்பில் என் நண்பன் மயங்கி விழுந்தான். "இரவுக் காட்சிக்குப் போயிருப்பான்" என்று யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். முதல் பேருந்தைப் பிடிக்க வெறும் வயிற்றோடு வந்தவன் அவன் என்பது பிறகே தெரிந்தது. முந்திய இரவும் அவன் உண்டது ஒரு தேநீரும் ஒரு வடையும்தான்.

1956-இல் காமராசர் பள்ளிக்கு மதிய உணவு தந்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று, தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் இதே மதுரையில், நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி வைத்தார். பாராட்டத்தக்க செயல்களே. ஆனால் மேல்நிலைத் தேர்வில் தேறியதும் பசியும் தேறிவிடுகிறதா?

அரசையே எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரியிலேயே நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் காலையில் ஓர் அண்டாக் கூழ் வைக்கலாம். கம்பும் கேழ்வரகும் நம் ஊர்களில் விளைபவைதாமே! இயன்றவர் உண்டியலில் காசு போடட்டும். இயலாதவர் போடாமல் குடிக்கட்டும். பெயரேடு மட்டும் வேண்டாம். ஏட்டில் பெயரெழுதிச் சோறு போட்டால், பசித்தவன் பக்கத்திலேயே வரமாட்டான்.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் பிச்சையேற்றுக் கொணர்ந்த சோற்றைக் கண்ணற்றோர்க்கும் காலற்றோர்க்கும் ஊட்டியதும், அமுதசுரபியைப் பெற்றதும் மதுரையில்தான். அவன் முதலில் ஊட்டினான். பாத்திரம் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை நாம் மறக்கலாகாது.

என் தெருவில் இட்லி விற்கும் மூதாட்டி ஒருவர், "என்னய்யா, மொகம் வாடிக் கெடக்கு, சாப்புட்டியா?" என்பார். "சாப்பிட்டேன் அப்பத்தா" என்று பொய் சொல்வேன். பதில் பேசாமல் இலையில் இரண்டு இட்லி வைத்துவிடுவார். சீனர்களும் ஒருவரையொருவர் கண்டால் "சாப்பிட்டாயா?" என்றே நலம் கேட்பது வழக்கமாம். நம் பேராசிரியப் பெருமக்களும் வருகைப் பதிவேட்டைத் திறக்குமுன் ஒருநாள் அப்படிக் கேட்டுப் பார்க்கட்டும். "சாப்பிட்டேன் ஐயா" என்று எல்லோரும் சொல்வோம். எங்கள் முகத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

— மூன்றாமாண்டு வரலாற்று மாணவன்