குருதியின் விலை

சந்தைப் பொருளாதாரத்தை விதந்துரைப்போர் அதனை அறஞ்சாராத ஒரு பொறியாகவே காட்டுவர். வாங்குவோர் வாங்க, விற்போர் விற்க, விலை தானே அமையும். ஒழுக்க விசாரணை சமயவாதிகளுக்கு உரியது என்பது அவர்தம் முடிபு. இதற்கு அடம் சிமித்தைச் சாட்சிக்கு அழைப்பதுதான் விந்தை. 1776இல் ‘நாடுகளின் செல்வம்’ எழுதிய அவர், 1759இலேயே ஒழுக்க உணர்வுகள் பற்றி ஒரு பெருநூல் எழுதியவர். இறந்த ஆண்டாகிய 1790 வரை அதனைத் திருத்திக்கொண்டும் இருந்தவர். அந்நூலைப் புரட்டியும் பாராதவரே அவர் பெயரால் உரத்துப் பேசுகின்றனர்.

உண்மையில், சந்தையும் வாய்மை, நம்பிக்கை என்பவற்றின் மீதே நிற்கின்றது. அவை முறியுமிடத்து நிகழ்வது யாதென்பதற்குக் குருதி வாணிபமே சான்று. 1970இல் றிச்சாட் ரிட்மஸ் பிரித்தானியாவையும் ஐக்கிய அமெரிக்காவையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். முன்னதில் குருதி கொடை; பின்னதில் அதன் ஒரு பகுதி விலைப்பண்டம். காசுக்குக் குருதி விற்றோரில் வறியோரும் மதுவுக்கு அடிமையானோரும் மலிந்திருந்தனர். தம் நோயை மறைப்பதே அவர்களுக்கு ஆதாயமாயிற்று. அக்குருதி ஏற்றப்பட்டோரை ஈரலழற்சி கூடுதலாகப் பற்றியது. 1978இல் அமெரிக்க அரசே, குருதி விலைக்குப் பெறப்பட்டதா, கொடையாகப் பெறப்பட்டதா எனப் பையில் குறிக்கும்படி விதிக்க வேண்டியதாயிற்று.

கொடுக்க விரும்புவோர் கொடுக்கட்டும், விற்க விரும்புவோர் விற்கட்டும், தெரிவு கூடுவதால் யாருக்கு நட்டம் என்று கெனத் அறோ 1972இல் வினவினார். நியாயமான வினாவே. ஆயின் இஸ்ரேலின் ஹைபா நகரில் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் சில, பிள்ளைகளை அழைத்துச்செல்லப் பிந்திவரும் பெற்றோருக்குத் தண்டம் விதித்தன. 2000இல் வெளியான ஆய்வின்படி பிந்துவோர் தொகை பெருகிற்று! ஆசிரியை காத்திருப்பாரே என்ற கூச்சம் போய், காசு கொடுத்தாயிற்று என்ற துணிவு வந்துவிட்டது. தண்டம் நீக்கப்பட்ட பின்னரும் அக்கூச்சம் மீளவில்லை. விலை புகுந்த இடத்தில் பழைய தெரிவு பழையபடி இருப்பதில்லை; அறோ காணத் தவறியது இதனையே.

1977இல் திறந்த பொருளாதாரத்தைத் தழுவிய இலங்கையிலும் விலைக்கு வராதன சில உள. ஹட்சன் சில்வா 1961இல் தொடக்கிய கண்தானச் சங்கம் 1964 முதல் பிறநாட்டாருக்கும் கண்களை அன்பளிப்பாகவே அனுப்பிற்று. 2014 முதல் அரசின் இரத்த வங்கிகள் முற்றாகத் தன்னார்வக் கொடையாளரையே நம்பியுள்ளன. சிறுநீரகமோ விலைக்கு வந்தது. வெளிநாட்டவர்க்கான சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சையை 2016இல் அரசு நிறுத்த நேர்ந்தது. தெரிவுச் சுதந்திரம் பேசுவோர் ஒன்றுமட்டும் கூறட்டும்: தம் சிறுநீரகத்தை விற்க முன்வந்த செல்வர் எத்தனை பேர்?