டர்போவைக் கழற்றும் முன்

"வண்டியில பிக்கப் இல்லை." ஒர்க்‌ஷாப் வாசலில் நாம் அடிக்கடி கேட்கும் புகார் இது. இரண்டு லட்சம், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் கார் என்றால் பதிலும் கைவசம் இருக்கிறது: "டர்போ போச்சு." டர்போ மாறுகிறது. இழுவை வராவிட்டால் இன்ஜெக்டர். அதுவும் பலிக்காவிட்டால் ஈஜிஆரை அடைத்து ஒரு ரீமேப். பெருந்தொகை செலவான பிறகும் கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அளக்காமல் எதையும் கழற்றக் கூடாது, சரிசெய்யாமல் எதையும் கூட்டக் கூடாது. இந்த இதழின் நிலைப்பாடு இதுதான்.

நம் எல்லோருக்கும் கைப்பழக்கமான ஃபியட் 1.3 மல்டிஜெட்டையே எடுத்துக்கொள்வோம். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல பெயர்களில் ஓடிய எஞ்சின். 1248 சிசி, மாருதியின் சாதாரண வகையில் 75 பிஎஸ், 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர். 2020 ஏப்ரலில் மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டதால், இனி நம்மிடம் வரும் டிசையர் டீசல் எல்லாமே வயதானவைதான்.

முதல் வேலை ஓனரிடம் கேட்பது. திடீரென்று குறைந்ததா, கொஞ்சம் கொஞ்சமாகவா? திடீரென்று என்றால் ஹோஸ், வேக்கம் குழாய், சென்சார் பக்கம் போக வேண்டும். மெல்லக் குறைந்தது என்றால் ஃபில்டர், கரி, தேய்மானம். அடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது. ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்திருக்கிறது. இவை இரண்டுக்கும் டர்போ மாற்றிய கதைகள் நம் தொழிலில் உண்டு.

புகையும் பேசும். கறுப்பாகக் கக்கினால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. புகையே இல்லாமல் வண்டி மந்தமாக இருந்தால் டீசல்தான் போகவில்லை, அல்லது ஈசியு தானே பவரைக் குறைத்து வைத்திருக்கிறது.

இதற்குப் பிறகு ஸ்கேனர். எரர் கோடைப் படித்து அழித்துவிட்டுக் கழற்றி வைப்பவர்கள்தான் அதிகம். லைவ் டேட்டாவில்தான் விஷயம் இருக்கிறது. சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பூஸ்ட் சென்சாரின் அளவைப் பாருங்கள். சென்னையில் 1010 மில்லிபாரை ஒட்டி இருக்க வேண்டும். 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 775 அளவில் இருக்கும். இதிலேயே பெரிய பிசகு இருந்தால் சென்சார் பொய் சொல்கிறது; மேற்கொண்டு எதையும் நம்ப முடியாது. இன்னொன்று, இது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த அளவு. 2000 மில்லிபார் என்று காட்டினால் சென்னையில் டர்போ கூட்டித் தருவது சுமார் 1 பார்தான். அதே 2000-ஐ ஊட்டியில் எட்ட டர்போ காற்றை 2.6 மடங்கு அழுத்தியாக வேண்டும். சென்னையில் 2 மடங்கு போதும். சமவெளியில் தெரியாத சிறு கோளாறு மலை ஏறும்போது வெளிப்படுவது இதனால்தான்.

அடுத்தது காற்றளவு. கணக்கு எளிது. 1248-ஐ நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 312 சிசி. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.16 கிராம். முழுக்க நிரம்பினால் 360 மில்லிகிராம். நடைமுறையில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 325. ஈஜிஆர் மூடிய நிலையில், பூஸ்ட் இல்லாதபோது ஏர் மாஸ் சென்சார் காட்ட வேண்டியது இந்த எண்ணைத்தான். பூஸ்ட் 2000 மில்லிபார், உள்ளே போகும் காற்று 50 டிகிரி என்றால் ஏறத்தாழ 600 மில்லிகிராம் வர வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. பூஸ்ட் குறைவு, காற்றளவு மட்டும் அதிகம் என்றால் டர்போ வேலை செய்கிறது. உள்ளே வந்த காற்று வழியில் ஒழுகுகிறது. இரண்டும் குறைவு என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு, மூடாத ஈஜிஆர், வேஸ்ட்கேட், அடைத்துக்கொண்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், கடைசியாக டர்போ. பூஸ்ட் சரி, காற்றளவு குறைவு என்றால் சென்சார் அழுக்கு அல்லது மேனிஃபோல்டில் கரி. இரண்டும் சரியாக இருந்து பவர் இல்லை என்றால் டீசல் பக்கம் திரும்புங்கள்.

ஒழுகலை நின்ற இடத்தில் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். இன்டர்கூலர் ஹோஸின் வெடிப்பு ஐடிலில் மூடிக்கொள்ளும், லோடில் மட்டும் வாய் பிளக்கும். ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய் ஈரமும் அதில் அப்பிய புழுதியும் இருந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. குழாயை அடைத்து, 1 பாருக்கு மிகாமல் காற்று ஏற்றி, சோப்பு நீர் தெளித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

டீசல் பக்கத்தில் பார்க்க வேண்டியது, ஈசியு கேட்கும் ரெயில் அழுத்தமும் உண்மையில் கிடைப்பதும். ஏற்றத்தில் ஃபுல் ஆக்சிலரேட்டரில் இரண்டும் பிரிந்தால் முதலில் ஃபில்டர், பிறகு நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவு, அதன் பிறகே பம்ப். ரிட்டர்ன் டீசலைப் பிடிக்கும் நான்கு குப்பிகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிறைந்தால் குற்றவாளி தெரிந்துவிட்டது. நான்கையும் மாற்றச் சொல்ல வேண்டியதில்லை.

டர்போ உண்மையிலேயே போயிருந்தால், ஏன் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள். நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு அது. எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் நிற்கிறது. சம்ப்பில் சேறு, ஸ்ட்ரெய்னரில் அடைப்பு, ஃபீட் குழாயில் கரி இவற்றை விட்டுவைத்தால் புதிய டர்போவும் அதே வழியில் போகும்.

இனி மாடிஃபிகேஷன். பழைய டீசலுக்கு முதல் மாடிஃபிகேஷன், ஃபேக்டரியில் இருந்து வந்த 75 பிஎஸ்ஸைத் திரும்பக் கொண்டுவருவதுதான். புதிய ஹோஸ், கழுவிய இன்டர்கூலர், கரி நீக்கிய மேனிஃபோல்ட், ஒழுங்கான இன்ஜெக்டர்கள் என்று வந்ததும் பெரும்பாலான ஓனர்கள் ரீமேப்பை மறந்துவிடுகிறார்கள். டியூனிங் பாக்ஸ் என்று விற்பவற்றில் பல, ரெயில் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி ஈசியுவை ஏமாற்றுகின்றன. உண்மை அழுத்தம் அதற்கு மேல் ஏறும். தேய்ந்த பம்புக்கும் ஏற்கெனவே ஒழுகும் இன்ஜெக்டருக்கும் அது தாங்காது. ரீமேப் செய்வதானாலும் கம்ப்ரஷன், கிளட்ச், எக்ஸாஸ்ட் வெப்பம் மூன்றும் தெரியாமல் கை வைக்கக் கூடாது.

ஈஜிஆரை அடைத்தால் பவர் கூடும் என்பது தொழிலில் ஊறிப்போன நம்பிக்கை. நல்ல ஈஜிஆர் ஃபுல் லோடில் தானாகவே மூடிக்கொள்ளும். அடைத்ததும் பவர் கூடியது என்றால் அது மூடாமல் சிக்கியிருந்தது என்று பொருள். மருந்து கிளீனிங் அல்லது புதிய வால்வு. அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும் என்பதும் ஒரு பக்கம். சட்டம் மறுபக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அனுமதியற்ற மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நாம் செய்த வேலைக்கு வாடிக்கையாளர் தண்டனை வாங்கக் கூடாது.

பார்ட்ஸுக்குப் பணம் கேட்கத் தயங்காத நாம், பரிசோதனைக்குக் கேட்கக் கூசுகிறோம். அதனால்தான் பார்ட்ஸ் மாறுகிறது, பரிசோதனை நடப்பதில்லை. பரிசோதனைக் கட்டணத்தை போர்டில் எழுதி மாட்டுங்கள். ஃபுல் லோடில் எடுத்த பூஸ்ட், காற்றளவு, கேட்ட ரெயில் அழுத்தம், கிடைத்த ரெயில் அழுத்தம் ஆகிய நான்கு எண்களையும் வேலைக்கு முன்பும் பின்பும் ஜாப் கார்டில் எழுதி ஓனர் கையில் கொடுங்கள். அந்த எண்கள் இல்லாமல் எந்த டர்போவும் உங்கள் ஒர்க்‌ஷாப்பில் கழற்றப்பட வேண்டாம்.