அவகாட்ரோ எண்ணைக் கடைசிப் பக்கத்துல போடுங்க சாமி!

கூட வேலை பாக்குற எஞ்சினியருங்க நாலு பேரை நிறுத்தி, "மோல்னா என்ன?"ன்னு கேட்டுப் பாருங்க. நாலு பேரும் "6.022 × 10²³"ம்பாங்க. மூச்சு விடாம, கம்பீரமா. "சரி, எதுக்குய்யா அந்த எண்ணு? வேற எண்ணா இருந்தா என்ன குடி முழுகிப் போயிடும்?"னு அடுத்த கேள்வியப் போடுங்க. டீ குடிக்கக் கெளம்பிடுவாங்க. பன்னெண்டாவதுல வேதியியல்ல நல்ல மார்க் வாங்கின கூட்டம் சார் இது.

அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. சொல்லித் தர்ற வரிசையே தலைகீழா இருக்கு. மொத நாளே பிள்ளைங்க தலையில இருபத்து நாலு இலக்க எண் ஒண்ணைத் தூக்கிப் போட வேண்டியது. அப்புறம் "ஒரு மோல் பட்டாணியை பூமி மேல கொட்டினா எவ்ளோ உயரம் வரும் தெரியுமா?"ன்னு ஒரு பிரமிப்பு. பிள்ளை வாயைப் பிளக்கும். பிளந்த வாய் மூடறதுக்குள்ள, நிறையை மோலார் நிறையால வகு, வந்த விடையை அவகாட்ரோ எண்ணால பெருக்கு. வகுத்துப் பெருக்கியே பள்ளிக்கூடம் முடிஞ்சிடும்.

நேரா ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போவோம் (நம்ம பொட்டி தட்டுற ஹார்டுவேர் இல்லீங்க, ஆணி விக்கிற கடை :-)). போல்ட் ஒண்ணு 30 கிராம், நட்டு ஒண்ணு 10 கிராம்னு வச்சுக்குங்க. ஒரு போல்ட்டுக்கு ரெண்டு நட்டு. ஆயிரம் செட் வேணும்னா கடைக்காரர் உக்காந்து ஒண்ணு ரெண்டுன்னு எண்ண மாட்டார். 30 கிலோ போல்ட்டும் 20 கிலோ நட்டும் நிறுத்துப் போட்டுட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிடுவார். எண்ண முடியாததை எடை போட்டு எண்ணுறது. மோல்ங்கறதோட உயிர்நாடி இதுதான்.

இதுலயே இன்னொரு படி இருக்கு, அதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்லை. ஒரு போல்ட் எத்தனை கிராம்னு கடைக்காரருக்குத் தெரியவே தெரியாதுன்னு வைங்க. நட்டை விட போல்ட் மூணு மடங்கு கனம்ங்கறது மட்டும் தெரியும். போதுமே! 3 கிலோ போல்ட்டுக்கு 2 கிலோ நட்டு எடுத்தா ஒண்ணு கூட மிஞ்சாது. எத்தனை உருப்படின்னு தெரியாமலே ஜோடி சேத்தாச்சு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியல்காரங்க பண்ணினது சாட்சாத் இதைத்தான். அவகாட்ரோ 1811ல தன் கருதுகோளைச் சொன்னார், 1856ல செத்துப் போனார். அவர் பேர்ல இருக்கற எண் அவருக்கே தெரியாது! மூலக்கூறு எவ்ளோ பெரிசுன்னு லோஷ்மிட் ஒரு கணக்கு போட்டது 1865ல. அவகாட்ரோ பேரை அந்த எண்ணுக்கு வச்சது பெர்ரின், 1909ல. "மோல்"ங்கற வார்த்தையை 1890கள்ல புழக்கத்துக்குக் கொண்டு வந்த ஓஸ்ட்வால்ட் இருக்காரே, அந்தக் காலத்துல அவர் அணு இருக்குங்கறதையே ஒத்துக்காத ஆசாமி. அணுவே இல்லைன்னவர் மோலை வச்சு ஜோரா குடித்தனம் நடத்தியிருக்கார், நம்ம பிள்ளைங்க மட்டும் அந்த எண் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாதாம்.

உடனே ஒருத்தர் வருவார். "2019 மே 20லேர்ந்து மோலோட வரையறையே அந்த எண்தானே? சரியா 6.02214076 × 10²³. பழைய 12 கிராம் கார்பன்-12 கதையெல்லாம் போயாச்சே?"ம்பார். வாஸ்தவம்தான். ஆனா 1983லேர்ந்து மீட்டரோட வரையறை கூடத்தான் ஒளியோட வேகத்தை வச்சு இருக்கு. அதுக்காக ஒண்ணாப்பு பிள்ளைக்கு அளவுகோலைப் பிடுங்கிட்டு லேசரையா குடுக்கறோம்? வரையறை தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு. படிக்கிற வரிசை பிள்ளைக்கு. ரெண்டும் வேற.

இப்படி ஓட்டறதால என்ன நஷ்டம்னு கேக்கறீங்களா? "ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும்"னு சொல்லிப் பாருங்க. படிச்சவனே சண்டைக்கு வர்றான். பெட்ரோலே முக்கால் கிலோதான், அதுலேர்ந்து எப்படி ரெண்டு கிலோவுக்கு மேல வரும், சுத்த டுபாக்கூருங்கறான். ஒவ்வொரு கார்பன் அணுவும் காத்துலேர்ந்து ரெண்டு ஆக்சிஜனை இழுத்துக்குது. 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனைச் சேத்துக்கிட்டு 44 கிராமா வெளிய வருது. அந்த முக்கால் கிலோவுல கார்பன் மட்டும் ஒரு 640 கிராம் இருக்கும். 44ஆல பெருக்கி 12ஆல வகுத்துப் பாருங்க. பத்தாம் வகுப்பு கணக்குதான், போல்ட்டு நட்டு கணக்குதான். ஆனா அவனுக்கு இது மோல்னு தோணவே இல்லை. ஏன்னா அவனுக்கு மோல்னா ஒரு எண்.

22.4 லிட்டர் கதையும் இதே லட்சணம்தான். 0 டிகிரியில, 1 அட்மாஸ்பியர் அழுத்தத்துல மட்டும் வர்ற அளவு அது. அதைச் சொல்லாம மந்திரம் மாதிரி ஓத விட்டா, அறை வெப்பநிலையில இருக்கற பலூனுக்கும் பையன் 22.4ஆலதான் வகுப்பான்.

"சிலபஸ் முடிக்கணும், இதுக்கெல்லாம் நேரமில்லை"ம்பாங்க வாத்தியாருங்க. போல்ட்டு நட்டுக்கு அரை பீரியட் ஆகுமா? அதை மொத நாள் செலவு பண்ணாததாலதான் ரெண்டு வருஷம் சமன்பாடு சமன்பாடா மல்லுக்கட்ட வேண்டியிருக்கு. நுழைவுத்தேர்வுக் கோச்சிங்ல இன்னும் மோசம், குறுக்கு வழிச் சூத்திரம் மட்டும்தான். வேணும்னா உங்க வீட்டுப் பிள்ளைகிட்ட இந்த ஒரு கேள்வியக் கேளுங்க: 10 கிராம் ஹைட்ரஜன் வாயு, 100 கிராம் ஆக்சிஜன் வாயு, ரெண்டுல எதுல மூலக்கூறு அதிகம்? கால்குலேட்டர் கூடாது. அவகாட்ரோ எண்ணும் கூடாது.