பட்டன் போன், ஆண்ட்ராய்டு, ஐபோன்... விவசாயிக்கு எது ஏற்றது?

''கும்மிடிப்பூண்டி பக்கம் 2 ஏக்கரில் நெல், வேர்க்கடலை சாகுபடி செய்கிறேன். 2018-ம் ஆண்டிலிருந்து ஜியோ பட்டன் போன்தான் வைத்திருக்கிறேன். அதில் வந்துகொண்டிருந்த வாட்ஸ்அப் நின்றுவிட்டது. சிப்காட்டில் வேலை பார்க்கும் மகன், 'பழைய ஐபோன் வாங்கித் தர்றேன்பா' என்கிறான். கடைக்காரர் ஆண்ட்ராய்டு வாங்கச் சொல்கிறார். ஆனால், பக்கத்து நிலத்துக்காரர் ஆண்ட்ராய்டு போனில் 'பி.எம். கிசான்' பெயரில் வந்த எதையோ தொட்டு, நெல் விற்ற பணத்தை இழந்துவிட்டார். எனக்கு எந்த போன் சரிப்படும்?''
- வாசகர், கும்மிடிப்பூண்டி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உங்கள் போன் பழுதாகவில்லை. அதை இயக்கும் இயங்குதளத்தை வாட்ஸ்அப் நிறுவனம் கைவிட்டுவிட்டது. அவ்வளவுதான்.

போனை ஆன் செய்ததும் திரை, கேமரா, பேச்சு எல்லாவற்றையும் இயக்கும் அடிப்படை மென்பொருளைத்தான் இயங்குதளம் என்கிறோம். செயலிகள் எல்லாம் அதன் மேல்தான் ஓடும். ஆயில் இன்ஜினுக்கு வாங்கிய உதிரி பாகம் கரன்ட் மோட்டாருக்குச் சேராது அல்லவா? அதுபோல, ஓர் இயங்குதளத்துக்காகச் செய்த செயலி இன்னொன்றில் ஓடாது.

உங்கள் ஜியோ போனில் இருப்பது 'காய் ஓ.எஸ்'. 2017-ல் 1,500 ரூபாய் வைப்புத்தொகையில் அந்த போன் வந்தது. 2018 செப்டம்பரில் அதற்கு வாட்ஸ்அப் கிடைத்தது. 2024 ஜூனில், காய் ஓ.எஸ் போன்களில் புதிதாக வாட்ஸ்அப் இறக்குவதை நிறுத்தினார்கள். ஏற்கெனவே பயன்படுத்தியவர்களுக்கும் 2025-ன் தொடக்கத்தோடு கதவு மூடப்பட்டது. கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தாலும் பயனில்லை.

இது புதிய கதையும் அல்ல. நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை நினைவிருக்கும். அன்றைக்கு உலகத்திலேயே அதிகம் விற்ற போன் நோக்கியாதான். அதன் ஸ்மார்ட்போன்களில் இருந்தது 'சிம்பியன்'. 2007-ல் ஐபோனும் 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போனும் வந்த பிறகு, சிம்பியனுக்குச் செயலி எழுதுபவர்கள் குறைந்தார்கள். 2011-ல் நோக்கியா, 'விண்டோஸ் போன்' பக்கம் மாறியது. அதுவும் எடுபடவில்லை. 2014-ல் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலை இழந்தார்கள். வழக்கு ஒரு காரணம் என்றால், இயங்குதளப் போட்டியில் தோற்றது இன்னொரு காரணம்.

இன்று களத்தில் மிச்சமிருப்பவை பெரும்பாலும் இரண்டுதான். கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு, ஆப்பிள் நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ். ஐபோனில் மட்டும் ஐ.ஓ.எஸ் இருக்கும். நம் நாட்டில் ஓடும் ஸ்மார்ட்போன்களில் 100-க்கு 90-க்கும் மேல் ஆண்ட்ராய்டுதான். சாம்சங், விவோ, ஓப்போ, ரெட்மி, ரியல்மி என்று பெயர் எத்தனை இருந்தாலும் உள்ளே இருப்பது ஆண்ட்ராய்டு. செங்குன்றம் மண்டியில் ஒரே ரக அரிசியை வேறு வேறு மில் பெயர் போட்ட மூட்டைகளில் பார்ப்பதில்லையா? அப்படித்தான்.

பழைய ஐபோன் வாங்கலாமா?

ஐபோன் நல்ல போன்தான். ஆனால், பழையது வாங்குவதில் இதே காய் ஓ.எஸ் சிக்கல் திரும்ப வரும். 2014-ல் வந்த ஐபோன் 6, ஐ.ஓ.எஸ் 12-க்கு மேல் ஏறாது. வாட்ஸ்அப்போ 2025 மே மாதத்திலிருந்து ஐ.ஓ.எஸ் 15.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைக் கேட்கிறது. ஆக, விலை மலிவு என்று வாங்கினால் வீட்டில் அலங்காரப் பொருளாகத்தான் இருக்கும். முன்பு வைத்திருந்தவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறாமல் விற்றிருந்தாலும், நீங்கள் அதைப் பயன்படுத்த முடியாது.

எந்தப் பழைய போனாக இருந்தாலும், பணம் கொடுக்கும் முன் *#06# அழுத்துங்கள். 15 இலக்க எண் வரும். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என மூன்று எழுத்துகளைப் போட்டு, ஓர் இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு அனுப்புங்கள். திருட்டு போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

உங்களுக்குப் புதிய ஆண்ட்ராய்டு போன் போதும். ஆனால், கேமராவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். விதை பாக்கெட்டில் காலாவதி தேதி பார்ப்பதுபோல, போனுக்கும் பாருங்கள். 'செட்டிங்ஸ்' உள்ளே 'அபௌட் போன்' பகுதியில் ஆண்ட்ராய்டு பதிப்பு எண் இருக்கும். கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்த தேதியையும் செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். 'இந்த மாடலுக்கு எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும்?' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சில மாடல்களுக்கு 2 ஆண்டு, சிலவற்றுக்கு 4 ஆண்டு, சிலவற்றுக்கு 6 ஆண்டுகூட உண்டு. இந்தக் கணக்கு பொதுவாக மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. இரண்டு வருடம் கடையில் கிடந்த மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

பக்கத்து நிலத்துக்காரருக்கு நடந்தது என்ன?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அவருக்கு வந்தது 'ஏ.பி.கே' கோப்பாகத்தான் இருக்க வேண்டும். ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் செயலியை ஏற்றிக்கொள்ள ஆண்ட்ராய்டு அனுமதிக்கிறது. அந்த வழியாகத்தான் திருடர்கள் நுழைகிறார்கள். கோப்பைத் தொட்டதும், 'தெரியாத செயலியை நிறுவலாமா?' என்று போன் கேட்கும். 'சரி' என்றால், அடுத்து குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அதையும் கொடுத்துவிட்டால், வங்கியின் ஓ.டி.பி நேராகத் திருடன் கைக்குப் போகும். பல நேரம் அதே கோப்பு நம் வாட்ஸ்அப்பிலிருந்து நம் சொந்தக்காரர்களுக்கும் போகும். அதனால்தான் தெரிந்தவர் எண்ணிலிருந்தே வருகிறது.

இந்தக் கோப்பு ஐபோனிலும் பட்டன் போனிலும் ஓடாது. அதற்காக அவற்றில் மோசடியே நடக்காது என்று இல்லை. ஓ.டி.பி-யை நம் வாயாலேயே சொன்னால் எந்த போனும் காப்பாற்றாது.

பி.எம். கிசான், உழவன் செயலிகள் வேண்டுமானால் ப்ளே ஸ்டோரில் நீங்களே தேடி இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யார் அனுப்பினாலும், மகனே அனுப்பினாலும், தொடாதீர்கள். தெரியாமல் தொட்டுவிட்டால், உடனே அந்த போனில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறு போனிலிருந்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ, பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

கடைசியாக ஒரு யோசனை. பட்டன் போனைத் தூக்கிப் போடாதீர்கள். பேச்சும் குறுஞ்செய்தியும் அதில் இன்னும் வரும். நெல் கொள்முதல் பணம் வரும் வங்கிக் கணக்கின் எண்ணை அந்த போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வேறு சிம் போட்டு, அந்த எண்ணில் இன்னொரு சிறு கணக்கு தொடங்கி, 2,000, 3,000 ரூபாய் மட்டும் அதில் வைத்து ஜி.பே போன்றவற்றுக்குப் பயன்படுத்துங்கள். உரக்கடை, டீக்கடைக்கு அது போதும். பி.எம். கிசான் இ-கே.ஒய்.சி-க்குச் செயலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்தே முடித்துவிடலாம்.

வெள்ளாமைப் பணமெல்லாம் ஒரே போனில் இருக்க வேண்டாம். மகனிடம் இதைக் காட்டுங்கள், அவரும் ஒப்புக்கொள்வார்.