பக்கத்துக்கு மார்க், மணிக்கட்டுக்கு வலி

மூன்று மணி நேர செமஸ்டர் தேர்வில் இரண்டு மணி நேரம் கடந்ததும் பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறாத மாணவர் அரிது. கள்ளக்குறிச்சியானாலும் சென்னையானாலும் இதே காட்சிதான். 'நரம்பு போச்சு' என்று சிலர் பயப்படுகிறார்கள். 'எழுதினா வலிக்கத்தான் செய்யும்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எந்த விரல் மரத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு குறுகிய வழி உண்டு. ஒன்பது தசைநாண்களோடு மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துச் செல்கிறது. இடம் குறைந்தால் முதலில் நசுங்குவது நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரக்கும். இரவில் எழுந்து கையை உதறினால் கொஞ்சம் தேவலை. சுண்டுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, கோளாறு பெரும்பாலும் முழங்கையில். எழுதும்போது மட்டும் விரல்கள் முறுக்கிக்கொண்டால் சிக்கல் மணிக்கட்டிலேயே இல்லை. அசைவுகளுக்கு மூளை இடும் கட்டளை குழம்புகிறது. எழுதி எழுதி வலது கை செயலிழந்து இடது கையால் எழுதப் பழகி, அதையும் இழந்த ஓர் எழுத்தரைப் பற்றி இத்தாலிய மருத்துவர் ராமாசினி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்.

பேனாவை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. நீரிழிவு, தைராய்டு குறைபாடு, இறுகப் பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை எல்லாம் மீடியன் நரம்பை நெருக்கும். கல்வராயன் மலையிலிருந்து படிக்க இறங்கும் பிள்ளை, விடுமுறையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய கையோடுதான் தேர்வறைக்கு வருகிறது. எழுத்தைப் பற்றி மட்டும் விசாரிக்கும் மருத்துவருக்குப் பாதி பதில்தான் கிடைக்கும்.

ஆனால், கல்லூரிகள் கைமேல் ஏற்றும் சுமை வேறு. ரெக்கார்டு நோட்டு, கையால் எழுதியே தர வேண்டிய அசைன்மென்ட், பிறகு தேர்வு. பக்கம் கூடினால் மார்க் கூடும் என்ற நம்பிக்கை மாணவர்களிடம் ஊறிக் கிடக்கிறது. அதை உடைக்க ஆசிரியர்கள் முனைவதில்லை. பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி அழுத்தி நிரப்பும் பக்கங்களில் பல, கேள்விக்குத் தொடர்பில்லாதவை. விடைக்குப் பக்க வரம்பு வைத்தால் திருத்துபவரின் கண்ணும் பிழைக்கும்.

சட்டம் ஏற்கெனவே ஓரடி முன்னால் போய்விட்டது. எழுதும்போது இப்படி விரல்கள் முறுக்கிக்கொள்ளும் ஒருவருக்கு, 40 சதவீத ஊனம் இல்லை என்பதால் யுபிஎஸ்சி தேர்வில் சொல்வதை எழுதும் உதவியாளர் மறுக்கப்பட்டார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு, 40 சதவீதத்துக்குக் குறைவான ஊனத்தால் எழுதச் சிரமப்படுவோருக்கென வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அரசு மருத்துவமனைச் சான்று இருந்தால் உதவியாளரோ, மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமோ கோரலாம் என்றன அவை.

இந்தச் சேதி எந்தத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது? கள்ளக்குறிச்சி அருகே சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்வராயன் மலையின் வெள்ளிமலை மாணவி கை மரத்த பிறகு அங்கே தனியாக வழி விசாரித்துப் போக வேண்டியதில்லை. தேர்வுக் கட்டணம் கட்டும் மாதத்திலேயே மருத்துவர்கள் கல்லூரிக்கு வந்து கைகளைப் பார்க்கலாம். சான்று தேவைப்படுவோரின் பட்டியலைத் தேர்வுப் பிரிவு அப்போதே வாங்கிக்கொள்ளலாம்.