வீடு யாருடையது?

நம் மேடையில் குடிகாரனுக்கு என்று ஒரு நடை உண்டு. தள்ளாடி வருவான், உளறுவான், சபை சிரிக்கும். கடைசிக் காட்சியில் மனைவியின் கண்ணீரைப் பார்த்துத் திருந்துவான். அவன் எந்த வீட்டிலிருந்து வந்தான் என்று நாடகம் கேட்பதில்லை.

அமெரிக்காவின் யூஜின் ஓ'நீல் கேட்டார். 1941இல் எழுதி முடித்து, அவர் இறந்த பிறகு 1956இல் ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக மேடையேறிய 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' ஒரு கடலோரக் கோடை வீட்டில், ஒரே நாளில் நடக்கிறது. தாய் மேரி மார்ஃபினுக்கு அடிமை. இளைய மகனுக்குக் காசநோய். தந்தையும் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். நிலம் வாங்கிப்போடும் தந்தை, வைத்தியச் செலவுக்குக் கணக்குப் பார்ப்பவர். மகன் பிறந்தபோது மேரிக்கு மார்ஃபின் கொடுத்தது ஒரு மலிவான ஓட்டல் டாக்டர். நடிகரான கணவருடன் ஊர் ஊராக ஓட்டல்களில் காலம் கழித்த தனக்கு வீடென்று ஒன்று அமையவே இல்லை என்பது மேரியின் ஓயாத புலம்பல்.

மலையாள மேடையும் இதை அறியும். இப்சன் வழியில் வந்த என். கிருஷ்ணபிள்ளையின் 'பக்னபவனம்' 1942இல் வந்தது. உடைந்த வீடு என்று பொருள். குடும்பத்தின் நான்கு சுவர்களுக்குள்ளேயே மனம் சிதைவதை அது காட்டியது. ஆனால் அதுவும், ஓ'நீலின் வீடும், குடியிருப்பவர்களுக்கே சொந்தம்.

கேரள எல்லை மலைகளில் கதை வேறு. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் 1951இல் மக்கள்தொகையில் சுமார் 90 சதவீதம் பழங்குடியினர்; 2011இல் பாதிக்கும் குறைவுதான். நிலம் கைமாறியது. ராகியும் சாமையும் விளைந்த வயல்கள் சுருங்கின. 2013இல் சத்துக்குறைவும் சிசு மரணங்களும் நாடு முழுவதும் செய்தியாயின. 1990களின் நடுவில் அங்கே மதுவிலக்கு வந்தும் கள்ளச்சாராயம் நிற்கவில்லை. எல்லை தாண்டினால் தமிழகத்து மதுக்கடை. நிலம் போனவன் குடித்தே தீரவேண்டும் என்பதில்லைதான். அதே வீடுகளின் பெண்கள் தாய்க்குலச் சங்கமாகத் திரண்டு மதுவை எதிர்த்தார்கள்.

தெற்கே இடுக்கி மாவட்டத்து மூணாறில் வீடு என்பது 'லயம்'. வெள்ளைக்காரர் காலத்து வரிசை வீடுகள். தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் யாரும் தோட்ட வேலையில் இல்லாவிட்டால் காலி செய்யவேண்டும். அதனாலேயே தேயிலைக் கூடை தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. 2015 செப்டம்பரில் போனஸ் குறைந்ததும் தெருவுக்கு வந்த 'பெம்பிளை ஒருமை' பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் விட்டுவைக்கவில்லை. கூலியோடு வீட்டின் நிலையும் அவர்கள் குறைகளில் ஒன்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். சொந்தமில்லாத வீடே சமாதியானது.

இந்த மலைகளின் குடியையும் நோயையும் சொல்ல வரும் நாடகாசிரியர் முதல் காட்சியில் பாட்டிலைக் காட்டவேண்டாம். ஓய்வுபெறும் தொழிலாளியிடம் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கேட்கும் காட்சி போதும். சபை சிரிக்காது.