அகழ்வாராய்ச்சி படிக்க அயல்நாடு போக வேண்டுமா?

நம் சங்கத்து நண்பர்கள் வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்குத் தொல்லியல் மேல் ஆசை வந்திருக்கிறது. கீழடி செய்த நன்மைகளில் இதுவும் ஒன்று. முன்பெல்லாம் ஒரு பிள்ளை தொல்லியல் படிக்கிறேன் என்று சொன்னால், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல வீட்டார் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது, "எங்கே படிக்க வைக்கலாம், புனேயா, லண்டனா?" என்று கேட்கிறார்கள். நான் இங்கே முதுகலை முடித்து, பிறகு இங்கிலாந்தில் ஒரு வருஷம் அதையே படித்துத் திரும்பியவன் என்பதால் கேள்வி என்னிடம் வருகிறது. ஆளுக்கு ஒரு பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இந்தப் பாதை புதிதல்ல. புனே டெக்கான் கல்லூரித் தொல்லியல் துறையை உருவாக்கிய ஹெச்.டி. சங்காலியா 1930-களில் லண்டன் சென்று படித்தவர். அங்கே மெய்டன் காசில் என்ற இடத்தில் மார்ட்டிமர் வீலரிடம் அகழாய்வு கற்றார். அதே வீலர் 1944-ல் நம் மத்திய தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராக வந்து, மறு வருஷம் அரிக்கமேட்டைத் தோண்டினார். சதுரம் சதுரமாகக் குழி எடுத்து, நடுவே மண்வரப்பு விட்டு, அந்த வரப்பின் பக்கவாட்டில் மண்ணடுக்குகளைப் படிக்கும் முறையை இங்கே வேரூன்றச் செய்தவர் அவர்தான்.

வேடிக்கை என்னவென்றால், வீலரின் முறையை இன்றும் பக்தியோடு காப்பாற்றி வருவது நாம்தான். இங்கிலாந்தில் அதைக் கைவிட்டு வெகுகாலமாகிறது. அங்கே வரப்பு விடாமல் பெரிய பரப்பை ஒரே வெளியாகத் திறக்கிறார்கள். ஒவ்வொரு தரைக்கும் சுவருக்கும் குப்பைக் குழிக்கும் தனித்தனி எண் கொடுத்து, எது முந்தியது, எது பிந்தியது என்று ஒரு படத்தில் கோத்துவிடுகிறார்கள். எட்வர்ட் ஹாரிஸ் என்பவர் 1973-ல் வகுத்த முறை அது. நம் முறை மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். பல ஆள் ஆழம் போகும் நம் ஊர் மேடுகளுக்கு வரப்பு பெரிய துணை. ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது என்பதைக் கையால் செய்து பார்த்தவனுக்குத்தான் எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்ற யோசனை வரும்.

கையால் செய்வது என்றேன். என்னைக் கேட்டால் அயல்நாட்டுப் படிப்பில் முதல் லாபம் அதுதான். இங்கே மாணவன் நிழலில் நின்று குறிப்பெழுதுவான், படம் வரைவான், ஓடுகளை வகை பிரிப்பான். மண் வெட்டுவதும் சட்டியில் அள்ளித் தூக்குவதும் பக்கத்து கிராமத்து ஆண்களும் பெண்களும். அவர்கள் கையில்தான் முதலில் பொருள் தட்டுப்படும். மண் நிறம் மாறுவதும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அறிக்கையில் அவர்கள் பேர் வருவது அபூர்வம். அங்கே கூலியாள் கிடையாது. கொத்தனார் கரணையை ஆளுக்கொன்றாகக் கொடுத்து மண்டியிடச் சொல்லிவிடுகிறார்கள். மழையில் நனைந்தபடி மண் சுரண்ட வேண்டும், தள்ளுவண்டியை மேட்டுக்கு ஏற்றிக் கொட்ட வேண்டும். பேராசிரியரும் அதே வரிசையில் நின்று அதே வண்டியைத் தள்ளுகிறார். மண்வெட்டி பிடிப்பது ஒரு சாராரின் வேலை, எழுதுவது இன்னொரு சாராரின் வேலை என்று வளர்ந்தவர்களுக்கு இது நல்ல மருந்து.

இரண்டாவது லாபம் சோதனைக்கூடம். அகழ்ந்த மண்ணைத் தண்ணீரில் கலக்கினால் கரிந்த விதைகள் மிதந்து வரும். அதைச் சல்லடையில் பிடித்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, இது என்ன தானியம் என்று சொல்ல வேண்டும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த டோரியன் ஃபுல்லர் இப்படித்தான் கர்நாடகத்துப் புதிய கற்கால ஊர்களில் கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியங்களும் பயிராகியிருந்ததைக் காட்டினார். நம் பாட்டிமார் அடுப்பில் வெந்த கொள்ளின் பூர்வகதையை அறிய, ஒரு கைப்பிடிக் கரியும் அதைப் படிக்கத் தெரிந்த கண்ணும் போதும். அந்தக் கண்ணைப் பழக்கும் இடங்கள் இங்கே குறைவு. கீழடி மாதிரிகளின் காலத்தை அறிய அவற்றை அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அனுப்பினார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று வந்த அந்த முடிவைத்தான் 2019-ல் நாம் எல்லோரும் கொண்டாடினோம். கார்பன் காலக்கணிப்புக்கான கருவி நம் தில்லியிலேயே, இன்டர் யூனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில் இருக்கிறது. அதை இயக்கும் விஞ்ஞானியோடு அவர் பாஷையில் பேசக்கூடிய தொல்லியல்காரர்கள் நமக்கு இன்னும் நிறைய வேண்டும்.

செலவைச் சொல்லாமல் விடக் கூடாது. வெளிநாட்டு மாணவருக்கு அங்கே ஏறக்குறைய இரட்டிப்புக் கட்டணம். படிப்பு நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது. கோடையில் வகுப்பே கிளம்பி இத்தாலிக்கோ கிரீஸுக்கோ அகழாய்வுக்குப் போகும். மற்றவர்கள் பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு புறப்படுவார்கள். இந்தியப் பிள்ளை மட்டும் தனி விசாவுக்காக வங்கிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். என் விசா வந்தபோது தோண்டிய குழியை மூடிக்கொண்டிருந்தார்கள். தவிர, அங்கேயும் எல்லாம் செழிப்பாக இருப்பதாக நினைக்க வேண்டாம். பேர்பெற்ற ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் தன் தொல்லியல் துறையை மூட 2021-ல் முடிவு செய்தது.

வேலைக்கும் வருகிறேன். இங்கிலாந்தில் 1990-ல் கொண்டுவந்த கட்டட அனுமதி நெறிமுறையால், கட்டடம் கட்டுகிறவர் தன் செலவில் அந்த இடத்தை ஆய்வு செய்து கொடுக்கும் வழக்கம் வந்தது. அதனால் அங்கே தனியார் தொல்லியல் நிறுவனங்கள் பெருகின. நம் நாட்டில் பெரும்பாலும் மத்தியத் துறை, மாநிலத் துறைகள், பல்கலைக்கழகங்கள், அருங்காட்சியகங்கள், அவ்வளவுதான். ஓராண்டு முதுகலைப் பட்டத்தை ஏற்பது பற்றி இரு நாடுகளும் 2022 ஜூலையில் ஓர் உடன்பாடு செய்திருக்கின்றன. நல்லதுதான். ஆனாலும் வேலை கொடுப்பவர் கேட்கப்போவது, எத்தனை பருவம் நம் மண்ணில் வேலை செய்தாய் என்பதைத்தான்.

ஆகவே என் யோசனை இது. முதலில் இங்கே படிக்கட்டும். டெக்கான் கல்லூரி இருக்கிறது, புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கிரேட்டர் நொய்டாவில் மத்தியத் துறையின் இரண்டு வருஷப் பட்டயப் படிப்பு இருக்கிறது. இரண்டு பருவமாவது வெயிலில் நிற்கட்டும். பிறகு விதையோ எலும்போ உலோகமோ, ஏதாவது ஒன்றை மட்டும் குறிவைத்து, உதவித்தொகையோடு வெளியே போகட்டும். பள்ளி முடித்த கையோடு கடன் வாங்கி மூன்று வருஷத்துக்கு அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஒன்றை மட்டும் லண்டனிலும் எளிதில் சொல்லித்தர மாட்டார்கள். கொடுமணலிலும் பொருந்தலிலும் கிடைத்தது போன்ற பானை ஓட்டில் கீறிய தமிழி எழுத்தைப் படிக்கும் பயிற்சிதான் அது. நொய்டா பட்டயப் படிப்புக்கு 2020-ல் வந்த அறிவிப்பில், தகுதிக்குரிய செம்மொழிகளில் தமிழை விட்டுவிட்டார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு சேர்த்தார்கள். பட்டியலில் தமிழ் வந்துவிட்டது. அந்தத் தகுதியோடு விண்ணப்பிக்கத் தில்லியில் வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வரும்? சங்கத்து நூலகம் ஞாயிறு காலைகளில் பூட்டியே கிடக்கிறது. செயற்குழு சாவியைக் கொடுத்தால், தமிழி எழுத்துக்கு ஒரு வகுப்பு எடுக்க நான் தயார். ஐந்து பிள்ளைகள் வந்தால் போதும்.